அரைப்பேர் போட்ட பாட்டு: 'எஞ்சாய் எஞ்சாமி'யும் மலையகத்தின் கணக்கும்

2021 மார்ச் 5ஆம் திகதி, பெருந்தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக நிர்ணயிக்கும் வர்த்தமானி அறிவித்தல் கொழும்பில் வெளியானது. பல ஆண்டுகள் கேட்டு, வீதியில் இறங்கி, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வாங்கி, கடைசியில் கிடைத்த ஆயிரம் ரூபாய் அது. அதிலிருந்து இரண்டு நாள் கழித்து, மார்ச் 7ஆம் திகதி, 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற பாட்டு யூரியூப்பில் ஏறியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த வள்ளியம்மாள் என்ற பாட்டியின் நினைவிலிருந்து அவருடைய பேரன் எழுதிய பாட்டு.

முதல் செய்தி மலைக்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டாவது உலகம் சுற்றியது. யூரியூப்பில் மட்டும் 40 கோடிக்கும் அதிகமான தடவைகள் அந்தப் பாட்டு பார்க்கப்பட்டிருக்கிறது. கொழும்பின் கல்யாண வீடுகளிலும் ரொறன்ரோவின் பிறந்தநாள் மண்டபங்களிலும் அட்டன் – நுவரெலியா தனியார் பஸ்களிலும் அது ஒலித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் தோன்றி, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய் கூட வருமானமாக வந்து சேரவில்லை என்று சொன்னார். பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

இதைச் சினிமாச் செய்தியாகப் படித்துக் கடந்துபோனவர்களே அதிகம். எனக்கு இது தோட்டச் செய்தியாகத்தான் படுகிறது. உண்மையான கலை, விலைபோகும் கலை என்று எப்போதும் நடக்கும் விவாதத்துக்கு இந்தப் பாட்டு ஒரு நல்ல உதாரணம். அந்த விவாதத்தில் நாம் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றையும் இது முன்னே வைக்கிறது.

வள்ளியம்மாள் போன பாதை

பாட்டின் வேர் இருக்கும் இடத்தை முதலில் பார்க்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் அந்த மக்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் இன்னொரு ஒப்பந்தம் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டது. யாரிடமும் விருப்பம் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த குடும்பங்களின் கதைகள் மலையக எழுத்தில் நிறைய உண்டு. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏறியவர்களின் ஒப்பாரியும் அந்த எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

அப்படித் தமிழகம் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் வள்ளியம்மாள். அங்கேயும் நிலம் கிடைக்கவில்லை. அவருடைய பேரன் அறிவரசு அரக்கோணத்தில் வளர்ந்து, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடத் தொடங்கினார். 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 'தெருக்குரல் அறிவு' என்பதே அவருடைய அடையாளமானது. சாதியையும் அதிகாரத்தையும் நேருக்கு நேர் பெயர் சொல்லிப் பாடியவர்.

'எஞ்சாய் எஞ்சாமி'யில் அவர் சொன்ன விடயம் எளியது. காட்டைத் திருத்தியவர்களும் மரம் வளர்த்தவர்களும் அந்த மண்ணில் தமக்கென ஒரு துண்டு இல்லாமல் நிற்கிறார்கள். ஆனாலும் அவர்கள் பேரப்பிள்ளையை 'என் சாமி' என்று கொஞ்சி, இந்தப் பூமி உனக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மலையகத்தில் இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 200 ஆண்டுகளாக ஒரு மலையையே தோட்டமாக்கியவர்கள் இன்றும் வீட்டுக் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும் நாடு இது.

பெயர் நழுவிய மூன்று இடங்கள்

யூரியூப்பில் பாட்டின் தலைப்பைக் கவனியுங்கள். முதலில் பாடகி 'தீ'யின் பெயர். பிறகு 'ஃபீற்' என்ற சுருக்கம். அதற்குப் பின்னால் அறிவின் பெயர். அடைப்புக்குறிக்குள் தயாரிப்பாளராகச் சந்தோஷ் நாராயணன். 'ஃபீற்' என்றால் பிரதான கலைஞரோடு கூடப் பங்கேற்பவர் என்று பொருள். பாட்டை எழுதி, பாடி, தன் பாட்டியின் கதையை அதற்குள் வைத்தவர் தலைப்பில் கூட வந்தவராக ஆனார். அப்போது இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு, பிரெஞ்சு இசைக்கலைஞர் டீஜே ஸ்நேக் இந்தப் பாட்டை மறுகலவை செய்தபோது, நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரப் பலகையில் அவரும் 'தீ'யும் இருந்தார்கள். அறிவு இல்லை. 2021 ஓகஸ்ட்டில் 'றோலிங் ஸ்ரோன் இந்தியா' இதழின் அட்டையில் 'தீ'யும் கனடா வாழ் ஈழத்தமிழ் றாப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் வந்தார்கள். அந்த அட்டை கொண்டாடிய 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய இரண்டு பாடல்களின் வரிகளிலும் அறிவின் கை இருந்தது. அறிவு மீண்டும் கண்ணுக்குத் தெரியாதவராக்கப்பட்டார் என்று பா. ரஞ்சித் பகிரங்கமாக எழுதினார். கண்டனம் பெருகிய பிறகு அந்த இதழ் அறிவின் படத்துடன் இணைய அட்டை ஒன்றை வெளியிட்டது.

மூன்றாவது இடம் அரச மேடை. 2022 ஜூலை 28ஆம் திகதி சென்னையில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா நடந்தது. அங்கே 'தீ'யும் கிடாக்குழி மாரியம்மாளும் பாட்டைப் பாடினார்கள். சில நாள்களில் அறிவு இன்ஸ்ரகிராமில் எழுதினார். மெட்டும் வரியும் தன்னுடையவை, யாரும் தனக்கு ஒரு மெட்டைத் தரவில்லை, ஏறக்குறைய ஆறு மாதம் தூக்கமின்றி உழைத்தேன் என்பது அவருடைய பக்கம். வள்ளியம்மாளையும் தேயிலைத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த நிலமற்ற முன்னோரையும் அவர் அந்தப் பதிவில் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்.

சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார். இசையமைப்பு, ஒலிப்பதிவு, ஒழுங்கமைப்பு எல்லாம் தன் உழைப்பு, மெட்டில் 'தீ'க்கும் பங்குண்டு, அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்ததால்தான் மேடையில் இல்லை, பாட்டின் உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்பது அவர் பக்கம்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதுவது என் நோக்கமல்ல. ஓர் அறைக்குள் மூன்று பேர் சேர்ந்து பாட்டுச் செய்யும்போது எந்த ஸ்வரம் யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தது என்பதை வெளியிலிருப்பவர் சொல்லமுடியாது. சந்தோஷ் நாராயணனின் இசையும் 'தீ'யின் குரலும் இல்லாமல் இந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதும் உண்மை. ஆனால் ஒன்றைப் பார்க்கலாம். மூன்று இடங்களிலும் நழுவியது ஒரே பெயர். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகக்கூடத் தோன்றலாம். காரணங்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும் விடுபடும் ஆள் மாறவில்லை என்றால், அதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

2024இல் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. சமமாகப் பங்கிடுவோம் என்று சொல்லப்பட்ட வருமானம் பங்கிடுவதற்கு வந்தே சேரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். அதாவது பங்கு பற்றிச் சண்டை நடந்தபோது, பங்கிடவேண்டிய பெட்டி வேறு எங்கோ இருந்திருக்கிறது.

'பேர்' என்றால் தோட்டத்தில் என்ன

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றது ஒரு நாள் கூலி. காலையில் பெரட்டில் நின்று, மலைக்குப் போய், சொன்ன அளவு கொழுந்து எடுத்துக் கொண்டுவந்து மடுவத்தில் நிறுத்தால் 'பேர்' விழும். அளவு குறைந்தால் 'அரைப்பேர்'. செக்ரோலில் பெயருக்கு நேரே போடப்படும் அந்தக் குறிதான் மாத முடிவில் காசாகிறது. பேர் விழவில்லை என்றால் அன்றைக்கு அந்த ஆள் மலைக்குப் போகவேயில்லை என்று கணக்கு.

1,000 ரூபாய் வர்த்தமானி வந்த பிறகு நடந்ததை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டது. கூடிய கிலோவை எட்டாதவர்களுக்கு அரைப்பேர். அறிவித்த சம்பளம் ஆயிரமாகவே இருந்தது, கைக்கு வந்தது வேறாக இருந்தது. 2024 மே தினத்தை ஒட்டி 1,700 ரூபாய் என்று மறுபடி ஒரு அறிவித்தல் வந்தது. அதுவும் நீதிமன்றம் வரை போய், அதே ஆண்டு செப்ரெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயில் வந்து நின்றது.

இந்தக் கணக்கு தெரிந்த ஒருவர் 'எஞ்சாய் எஞ்சாமி'யின் தலைப்பைப் பார்த்தால் 'ஃபீற்' என்பதை மொழிபெயர்க்கத் திணறமாட்டார். அது அரைப்பேர்.

நான் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது, அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் எழுதிய 'பண்பாட்டுத் தொழில்' பற்றிய கட்டுரையைப் பரீட்சைக்காகக் கரைத்துக் குடித்தோம். கலை தொழிற்சாலைக்குள் போனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பண்டமாகிவிடும் என்பது அதன் சாரம். கூர்மையான வாதம்தான். ஆனால் தொழிற்சாலைக்குள் நிற்கும் ஆளின் சம்பளச் சிட்டை அதில் பேசப்படுவது குறைவு. பண்டம் எப்படி இருக்கிறது என்பதிலேயே அதன் கவனம் போகிறது. அதைச் செய்த கைக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்குத் தோட்டத்துச் செக்ரோல் நல்ல பாடப்புத்தகம்.

சந்தைக்குப் போனால் உண்மை கெட்டுவிடுமா

'எஞ்சாய் எஞ்சாமி' வந்த காலத்தில் அதன் மேல் வைக்கப்பட்ட குறை ஒன்று உண்டு. இவ்வளவு துயரமான வரலாற்றை இப்படி ஆடவைக்கும் தாளத்தில், இவ்வளவு பளபளப்பான காட்சிகளோடு கொடுக்கலாமா? கல்யாண வீட்டில் ஆடுகிறவர்களுக்கு அதில் இருக்கும் வலி தெரியுமா? துயரம் விற்பனைப் பொருளாகிவிடவில்லையா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். போரை வாழ்ந்து முடித்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் இயல்பாக வரும். எமது அழிவை வைத்து எடுக்கப்பட்ட படங்களையும் பாட்டுகளையும் பார்த்து, இது எங்களுக்காகவா, எங்களை விற்பதற்காகவா என்று நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இந்த விடயத்தில் அந்தச் சந்தேகம் தவறான கதவைத் தட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மலையகத்தின் சொந்த வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிலாளரின் நிலையைப் பாட்டாகக் கட்டி, சிறு நூல்களாக அச்சிட்டு, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியவர். அவருடைய 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' 1940இல் வெளிவந்தது. மக்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டில் வரியை ஏற்றினால் ஒரு தடவை கேட்டதும் மனதில் நிற்கும், துரைமார் புத்தகத்தைப் பறித்தாலும் பாட்டைப் பறிக்கமுடியாது. பிரபலமான மெட்டு அங்கே பாட்டின் உண்மையைக் கெடுக்கவில்லை. அதைச் சுமந்துகொண்டு போனது.

நாட்டார் பாட்டும் அப்படித்தான். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டங்களில் கேட்ட பாட்டுகளைத் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தார். அவர் இல்லாவிட்டால் அவற்றில் பல இன்று இல்லை. அந்தப் பாட்டுகளில் கங்காணியைக் கேலி செய்வதும் உண்டு, தாலாட்டும் உண்டு, காதலும் உண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கவைப்பதும் உண்டு. துயரப்படுகிற மக்கள் துயரப் பாட்டு மட்டும்தான் பாடவேண்டும் என்று அவர்கள் நினைத்ததில்லை. தப்பு அடித்து ஆடிக்கொண்டே சாவு வீட்டுக்குப் போகிற ஒரு சமூகத்திடம் வந்து, ஆட்டத் தாளம் துயரத்துக்கு ஒவ்வாது என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

ஆகவே தாளம் வேகமாக இருக்கிறது, காட்சி பளபளக்கிறது என்பதால் ஒரு பாட்டின் நேர்மையைச் சந்தேகிக்கத் தேவையில்லை. பாட்டு வாய்க்குள் இருக்கும்வரை அது கலை. பதிவாகி விற்பனைக்குப் போன பிறகு அது உழைப்பும் ஆகிறது. உழைப்பு என்றால் அதற்கு ஒரு பேர் விழவேண்டும். பேர் விழாத இடத்தில்தான் சந்தை பொய் பேசத் தொடங்குகிறது. பாட்டியின் முகத்தைத் திரையில் காட்டிவிட்டுப் பேரனின் பெயரைப் பலகையில் விடும்போது, பாட்டுக்குள் சொன்னதையே பாட்டின் வியாபாரம் மறுக்கிறது. மண்ணை உருவாக்கியவனுக்கு மண் இல்லை என்று பாடிய பாட்டு, அதை உருவாக்கியவனுக்கு இடம் இல்லாமல் மேடை ஏறியது.

தேயிலைக்கும் இது புதிதல்ல. உலகின் எந்தக் கடையிலும் தேயிலைப் பெட்டியில் வணிகப் பெயர் இருக்கும், 'சிலோன்' என்று இருக்கும், சில பெட்டிகளில் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படமும் இருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்காது.

பத்து ஷில்லிங் பாட்டு

இது தமிழருக்கு மட்டும் நடக்கும் கதையும் அல்ல. 1939இல் தென்னாபிரிக்காவின் யொஹானஸ்பேர்க்கில் சொலமன் லிண்டா என்ற ஸூலு பாடகர் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவுசெய்தார். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்தப் பாட்டு அமெரிக்கா போய், வேறு பெயர்களில், வேறு ஆட்களின் பெயரில் உலகப் புகழ் பெற்றது. 'த லயன் கிங்' படத்திலும் வந்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். நீண்ட வழக்குக்குப் பிறகு 2006இல்தான் அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு தீர்வு கிடைத்தது.

அந்த அநியாயத்தை 2000ஆம் ஆண்டில் விரிவாக எழுதி உலகுக்குச் சொன்னவர் ரியான் மலான் என்ற பத்திரிகையாளர். அவருடைய கட்டுரை வெளியானது அமெரிக்காவின் 'றோலிங் ஸ்ரோன்' இதழில். அதே பெயரைத் தாங்கிய இந்தியப் பதிப்பின் அட்டையில்தான் 21 ஆண்டுகள் கழித்து அறிவின் இடம் விடுபட்டது. தூரத்து அநியாயம் கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பது பழக்கமாகிவிடுகிறது.

எமது வீட்டுக் கணக்கு

வடக்கிலும் கிழக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். 'எஞ்சாய் எஞ்சாமி' சர்ச்சை எமது சமூக ஊடகங்களில் பெரும்பாலும் 'இந்தியச் சினிமாக்காரர் சண்டை'யாகவே பகிரப்பட்டது. தமிழகத்தில் அது சாதி பற்றிய விவாதமானது. அது தேவையான விவாதம். ஆனால் இரண்டு பக்கத்திலும் மலையகம் என்ற சொல் மெல்லக் காணாமல் போனது. பாட்டு பிறந்த வரலாறு அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது இரண்டு விவாதத்திலும் இல்லை.

அந்த அட்டையில் யார் இருந்தார்கள் என்பதையும் திரும்பிப் பாருங்கள். 'தீ' ஈழத்தமிழ் வேர்களைக் கொண்டு அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ஷான் வின்சென்ட் டி போல் போரால் நாட்டைவிட்டுப் போன குடும்பத்தின் பிள்ளை. இருவரும் திறமையானவர்கள். அட்டையில் யார் என்பதை முடிவுசெய்வது இதழ், அவர்கள் அல்ல. ஆனால் போரால் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நிற்கும் படத்தில் ஒப்பந்தத்தால் துரத்தப்பட்டவர்களின் பிள்ளை இல்லை என்பது எங்களுக்கு உறுத்தியிருக்கவேண்டும். உறுத்தவில்லை என்றால் அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

1977லும் 1983லும் அடித்துத் துரத்தப்பட்ட மலையக மக்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினார்கள். வன்னியின் காடுகளைத் திருத்தினார்கள். கடைசி யுத்தத்தில் எல்லோரோடும் சேர்ந்து செத்தார்கள், காணாமல் போனார்கள், முகாமில் நின்றார்கள். ஆனால் கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பேச்சிலும் காணிக் கச்சேரியிலும் 'தோட்டக்காட்டார்' என்ற சொல் அவர்களைத் தொடர்ந்தது. அவர்களுடைய சாவு எமது நினைவேந்தல்களில் முழுப்பேராகப் பதியப்பட்டிருக்கிறதா என்று நாம் இன்னும் நேர்மையாகக் கேட்கவில்லை.

பாட்டின் பெயர் தொலைவது என்றால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். யுத்தகாலத்தில் ஒலிநாடாவில் கையிலிருந்து கையாகப் போன பாட்டுகளை எழுதியவர்களிலும் பாடியவர்களிலும் எத்தனை பேரின் பெயரை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும்? கவிஞர் புதுவை இரத்தினதுரை 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்த பின் காணாமலாக்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய குடும்பத்துக்குப் பதில் இல்லை. அந்தக் காலத்துப் பாட்டுகள் யார் யாருடையவோ சனல்களில், எழுதியவர் பெயரோ பாடியவர் பெயரோ இல்லாமல், நடுவில் விளம்பரத்தோடு ஓடுகின்றன. அதைக் கேட்டு நாங்கள் கண்ணீர் விடுகிறோம். பெயர் எங்கே என்று கேட்பதில்லை.

செய்யக்கூடியது என்ன

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தாலும் இழக்கமுடியாது என்று சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளிக்குத் தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைப் பணத்திலிருந்து தனியாக ஏற்றுக்கொள்கிறது. படைப்பை விற்றாலும் அந்த உரிமை படைப்பாளியோடேயே நிற்கும். அதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வியாபாரத்துக்காக அவற்றைப் பயன்படுத்த அனுமதி வேண்டும், அதற்காக அறவிடும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போகவேண்டும் என்கிறது. இந்த ஏற்பாட்டைக் கையில் எடுத்து, மலையகப் பாட்டுகளுக்காக யாராவது கேட்டால்தான் அது சட்டப் புத்தகத்திலிருந்து வெளியே வரும். அமைச்சுகளையும் தொகுதிகளையும் கைவசம் வைத்திருந்த மலையகக் கட்சிகளின் கோரிக்கைப் பட்டியல்களில் இதை நான் கண்டதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. இன்று அட்டனிலும் தலவாக்கலையிலும் கைபேசியிலேயே பாட்டுப் பதிவுசெய்து வெளியிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காமன் கூத்தின் தப்புத் தாளத்தை றாப்போடு சேர்க்கிறார்கள். பாட்டியிடம் கேட்ட வரியை எடுத்துப் பாடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. முதலாவது, நண்பர்களோடு செய்யும் பாட்டாக இருந்தாலும், வெளியிடும் முன்பே யார் எழுதியது, யார் மெட்டு, யார் குரல், எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று நினைக்கவேண்டாம். எழுதாமல் விட்டதால்தான் மூன்று திறமைசாலிகள் உலகத்தின் முன்னால் அறிக்கை எழுதவேண்டி வந்தது.

இரண்டாவது, பாட்டியிடம் வரி எடுத்தால் பாட்டியின் பெயரைப் போடுங்கள். 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் போடவேண்டாம். அவர் பெயர், தோட்டம், டிவிசன், பதிவுசெய்த திகதி. சி.வி. காலத்தில் அச்சிடக் காசு தேவைப்பட்டது. இப்போது காணொளியின் கீழ் நான்கு வரி எழுத ஒரு சதமும் தேவையில்லை. நூலகம் போன்ற எண்ணிம ஆவணகங்களில் ஒரு பிரதி சேர்த்தால், நாளைக்கு யாராவது அந்த வரியை எடுத்து உலகம் சுற்றும்போது கேள்வி கேட்க ஒரு சான்று இருக்கும்.

புலம்பெயர் நாடுகளில் மண்டபம் எடுத்து இசைவிழா நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். விழாவில் மலையகப் பாட்டைப் பாடவைப்பவர்கள் மலையகக் கலைஞரையும் அழைக்கலாம். பயணச்சீட்டு அனுப்ப முடியாவிட்டால் உரிமைத்தொகையாவது அனுப்பலாம். மேடையில் பெயரைச் சொல்லலாம். 2023 ஜூலை, ஓகஸ்ட்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே மலையக மக்கள் நடந்தபோது, வழியில் வடக்கின் மக்களும் வந்து தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துக் கூட நடந்தார்கள். அந்த உறவை ஒரு நடைபயணத்தோடு முடித்துவிடக்கூடாது.

அறிவு தன் அடுத்த தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். பிறர் விட்ட பெயரைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்டார். அவர் பேசத் தெரிந்தவர், கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மலையில் இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டே பாடும் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுடைய கொழுந்துக்கு அரைப்பேர் போடும் கணக்கைக் கேள்வி கேட்கத் தொழிற்சங்கங்களாவது இருக்கின்றன. அவர்களுடைய பாட்டுக்குக் கணக்குப் பார்க்க இன்றுவரை ஒரு செக்ரோல் கூட இல்லை. அதை எழுதத் தொடங்கவேண்டியது அந்தப் பாட்டைக் கேட்கிற, பகிர்கிற, ஆடுகிற நாங்கள்தான்.